கருப்பின் அளவு

வீட்டு தியேட்டர் மாட்டித் தருகிற மெக்கானிக்குக்கு வாய் சும்மா இருக்காது. “பிளேயர் ஒரு அளவுல கருப்பை அனுப்புது, டிவி வேற அளவுல வாங்குது. அதான் படம் தார் பூசின மாதிரி இருக்கு. செட்டிங்கை இப்படி மாத்தி வெச்சவன் சரியான மடையனா இருக்கணும்!” என்றார்.

வீட்டுக்காரம்மா சிரித்தாள். சோபாவுக்குப் பின்னால் நின்ற அவள் புருஷன் சிரிக்கவில்லை.

“ஏதோ தெரியுதில்ல, அது போதும். விட்டுடுங்க,” என்றான்.

“நீங்க சும்மா இருங்க. என் தம்பியோட கடைசி வீடியோ. அவன் முகத்தையாவது தெளிவா பார்த்துக்கறேன்,” என்றாள் அவள்.

போன வருஷம், தன் பிறந்தநாள் விருந்தன்றே நீச்சல்குளத்தில் மூழ்கிச் செத்துப்போன தம்பி. அன்றைக்குப் புருஷன் வெளியூரில் இருந்தான் என்று மெக்கானிக் வந்ததுமே அவரிடம் அவள் சொல்லியிருந்தாள்.

மெக்கானிக் பிளேயரையும் டிவியையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். கேக் வெட்டும் தம்பிக்குப் பின்னால், அதுவரை வெறும் கருப்பாகக் கிடந்த இடம் மெல்லத் துலங்கியது. செடிகள் தெரிந்தன. குளத்தின் விளிம்பு தெரிந்தது. அங்கே கட்டம் போட்ட சட்டையோடு ஒருவன், தம்பியின் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றான். இப்போது சோபாவுக்குப் பின்னால் நிற்கும் அதே முகம்.

மெக்கானிக் கருவிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அண்ணே, போயிடாதீங்க,” என்றாள் அவள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“அவர் எங்கேயும் போகலை,” என்ற புருஷன், வாசல் கதவைத் தாழிட்டான்.