வெந்நீர்த் துண்டு

துண்டை வெந்நீரில் முக்கிப் பிழிந்து, ஒருமுறை உதறி, நாற்காலியில் சாய்ந்திருந்தவரின் முகத்தில் மூக்கு மட்டும் வெளியே தெரியும்படிச் சுற்றினான் பொறுமை. பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் முதுகைக் கொடுத்தான். இனிக் கொஞ்ச நேரத்துக்கு அவனை யாரும் பார்க்கப் போவதில்லை. துண்டுக்குள் இருப்பவருக்குக் கண் மூடியிருக்கிறது. பக்கத்து நாற்காலியில் மச்சான் யாருடைய பிடரியிலோ மிஷினை ஓட்டியபடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறான். விரல் நுனியில் எறும்பு ஊர்வதுபோல் தொடங்கிய மரமரப்பு முழங்கைவரை ஏறிவிட்டது. நெஞ்சின் மேல் யாரோ முழங்காலை ஊன்றி அழுத்துகிறார்கள். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கதவைத் திறந்துகொண்டு ஓடு, ஓடு என்கின்றன கால்கள். அவன் குழாயடித் தொட்டியின் குளிர்ந்த விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைக் குவித்து, மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டான். துண்டு ஆறுவதற்குள் இது இறங்கிவிட வேண்டும்.

பொறுமை என்பது வாடிக்கையாளர்கள் வைத்த பெயர். மற்ற சலூன்களில் துண்டு முகத்தில் பட்டதும் எடுத்துவிடுவார்கள், பூனை முகம் கழுவுகிற மாதிரி. இங்கே அது ஆறுகிறவரைக்கும் கிடக்கும். சிலர் அதற்குள் குறட்டையே விட்டுவிடுவார்கள். "இவ்வளவு பொறுமையா யாருப்பா செய்வாங்க" என்று எழுந்து கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள். ஒருவர் சொல்லி ஒருவர் என்று கூட்டம் சேர்ந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். அவன் அதை ஒரு முழத் துண்டில் மறைத்துக்கொண்டிருந்தான், ஒன்றரை வருடமாக.

முதல் தடவை வந்தபோது செத்தே போய்விடுவோம் என்றுதான் நினைத்தான். ஆஸ்பத்திரியில் மார்பெல்லாம் ஒயர் ஒட்டிப் பார்த்துவிட்டு, இதயம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது என்றார் டாக்டர். இது பதற்றம், உடம்பு பொய்யாக அடிக்கிற அபாய மணி, ஓடாமல் நின்று மூச்சை மெதுவாக விட்டால் தானாக இறங்கிவிடும், உயிரை எடுக்காது, அடுத்த மாதம் மறுபடி வாங்க என்றார். யார் உயிரை எடுக்காது என்று அவன் கேட்க நினைத்தான். என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அடுத்த மாதம் போகவுமில்லை. ராத்திரி எழுந்து உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து மனைவி வாயுத்தொல்லை என்று முடிவுகட்டிவிட்டாள். "அகால நேரத்துல தின்னா இப்படித்தான்" என்று வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். அதையும் குடித்துவிடுவான்.

மச்சானிடம் மட்டும் சொல்லவே முடியாது. மனைவியின் தம்பி, தங்கமான பையன்தான். ஆனால் கடையில் மூன்றாவதாக வேலைக்கு வைத்திருந்த ஆளை அவன் வேலையைவிட்டு நிறுத்தியது இவன் கண்முன்னால்தான் நடந்தது. "கை நடுங்கறவன் சீப்பைப் பிடிக்கட்டும், கத்தியைப் பிடிக்க வேண்டாம். நம்மள நம்பிக் கழுத்தை நீட்டறாங்க" என்றான். அதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்க முடியாது. இருபது வருடமாகக் கத்தி பிடித்த கை இவனுடையது. அது போனால் இவனிடம் வேறு என்ன இருக்கிறது?

அன்று மத்தியானம் டிரைவர் வந்தார். எதிரேயிருக்கும் நிறுத்தத்தில் பஸ்ஸைப் போட்டுவிட்டு அடுத்த நடைக்குள் சவரம் செய்துகொண்டு போகிறவர். அவர் வந்தால் மச்சானுக்கே பேச வாய்ப்புக் கிடைக்காது. அன்றைக்கு என்னவோ, உட்கார்ந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். பொறுமை நுரை போட்டு, புது பிளேடு செருகி, வலது கன்னத்தை முடித்தான். தாடைக்குக் கீழே கழுத்துத் தோலை இழுத்துப் பிடித்தபோது, கட்டைவிரலுக்கு அடியில் அவருடைய நாடி படபடவென்று துள்ளியது. அதைத் தொட்டதும் இவனுடையதும் துள்ள ஆரம்பித்தது.

பாதிச் சவரத்தில் எவனும் துண்டு போடமாட்டான். ஆனால் விரல்கள் மரத்துவிட்டன, கத்தி கழுத்தில் இருந்தது. அதை எடுத்துத் தொட்டி விளிம்பில் வைத்தான். "ஒரு நிமிஷம் அண்ணே, முடி கொஞ்சம் முரடா இருக்கு" என்று நுரையோடு சேர்த்துத் துண்டைப் போட்டுச் சுற்றினான். அவசரத்தில் மூக்கையும் மூடிவிட்டான்.

டிரைவரின் கைகள் நாற்காலிப் பிடியை இறுக்கின. குதிகால் தரையில் தடதடவென்று அடித்தது. சட்டென்று துண்டைப் பிய்த்து வீசி எழுந்தவர், பாதி முகத்தில் நுரையோடு வாயைத் திறந்து திறந்து மூடினார். "காத்து... காத்து இல்ல..."

மச்சான் மிஷினை அணைத்துப் போட்டான். "நெஞ்சுவலி மாமா, புடிச்சுக்கோ, நான் ஆட்டோ கூட்டிட்டு வர்றேன்" என்று வெளியே ஓடினான். பாதி வெட்டிய தலையோடு இருந்த ஆளும் பின்னாலேயே ஓடினார்.

பொறுமை அவரை மெதுவாக உட்கார வைத்தான். அவர் கண்ணில் இருந்தது என்னவென்று அவனுக்குத் தெரியும். கண்ணாடியில் தினமும் பார்க்கிறான்.

"அண்ணே, இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

அவர் தலையசைத்தார். "எல்லா டெஸ்ட்டும் எடுத்தாச்சு தம்பி. ஒண்ணுமில்லன்னுட்டாங்க. ஆனா வருதே."

"வரும். இறங்கிடும். உள்ள இழுக்காதீங்க, வெளிய விடுங்க. மெதுவா." சொல்லிவிட்டு, நம்பட்டும் என்று தன் வலது கையை அவர் முன்னால் நீட்டினான். அது நடுங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையே பார்த்தார். பிறகு தன் கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விட்டார்கள்.

"வண்டியில வந்தா என்னண்ணே செய்வீங்க?"

"ஓரங்கட்டிட்டு இறங்கிடுவேன். டயர் பாக்கற மாதிரி குனிஞ்சு நிப்பேன்." சிரிக்கப் பார்த்தார். "திட்டுவாங்க. நல்ல டயரையே எத்தனை தடவை பாப்பீங்கன்னு கண்டக்டர் கேப்பான்."

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. "ஆஸ்பத்திரி வேண்டாம்" என்று அவர் இவன் கையை இறுக்கினார். "டிப்போவுக்குத் தெரிஞ்சா அவ்வளவுதான். ரெண்டு பொண்ணுங்க படிக்குது."

மச்சான் மூச்சிரைக்க உள்ளே வந்தான். "தூக்கு மாமா."

"வேண்டாம்டா. இது ஹார்ட்டு இல்ல. இப்ப சரியாயிடும்."

"நீ என்ன டாக்டரா? உனக்கு எப்படித் தெரியும்?"

தெரியாது, ஏதோ தோன்றியது என்று சொல்லியிருக்கலாம். மச்சான் அந்த மனிதரை அள்ளி ஆட்டோவில் போட்டிருப்பான். விஷயம் டிப்போவரை போயிருக்கும். இவன் கத்தி இவனிடமே இருந்திருக்கும். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கும் இருக்கு" என்றான் பொறுமை. "ஒண்ணரை வருஷமா."

மச்சானின் பார்வை இவன் கைக்கு வந்தது. பிறகு கொடியில் வரிசையாகக் காய்ந்த துண்டுகளுக்குப் போனது. "அப்ப அந்தத் துண்டெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். ஆட்டோவை அனுப்பிவிட்டு வந்து, தொட்டி விளிம்பில் கிடந்த கத்தியை எடுத்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். "நீ உக்காரு மாமா, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்" என்றான், காய்ச்சல்காரனிடம் பேசுகிற குரலில். பொறுமைக்கு அழுகை வந்தது. டிரைவர் வீசிய துண்டைப் பொறுக்கிக்கொண்டு, காத்திருக்கிறவர்கள் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தான். அந்தக் கடையில் அவன் அதில் உட்கார்ந்ததே இல்லை.

மச்சான் டிரைவரின் இடது கன்னத்தைச் சுத்தமாக முடித்தான். துண்டு போடவில்லை. டிரைவர் எழுந்து, கண்ணாடி வழியாக இவனைப் பார்த்தார். டயர் பார்க்கிற கதை நம் இரண்டு பேரோடு போகட்டும் என்ற பார்வை. வெளியே போனார்.

எதிரே பஸ் கிளம்பி, நாலு கடை தள்ளிப் போய், ஓரமாக நின்றது. டிரைவர் இறங்கினார். பின்சக்கரத்துக்கு அருகில் குந்தி உட்கார்ந்தார். ஜன்னல்களில் தலைகள் நீண்டன. பள்ளிக்கூடப் பைகளோடு பிள்ளைகளும் இருந்தார்கள்.

"என்ன மாமா, பஞ்சரா?" என்றான் மச்சான் வாசலுக்கு வந்து.

பொறுமை எழுந்து நின்றான். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனிவரை வந்தது. நம்மள நம்பிக் கழுத்தை நீட்டறாங்க. டிரைவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் நினைவுக்கு வந்தார்கள்.

"காத்துக் கொறைஞ்சிருக்கும்" என்றான். "பாத்துட்டு எடுப்பாரு."

மச்சான் உள்ளே போய்விட்டான். பொறுமையின் கையில் ஆறிப்போன துண்டிலிருந்து நீர் காலில் சொட்டியது. அங்கே டிரைவர் டயரின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தார். இவன் வாயைக் குவித்து, அவருக்கும் சேர்த்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டான். கண்டக்டர் விசில் ஊதினார். டிரைவர் இன்னும் எழுந்திருக்கவில்லை.