நான்கு முழம்

அப்பாவின் சவப்பெட்டியைப் படகில் ஏற்றி முடிக்கப் பத்து மணியாகிவிட்டது. அன்று வெள்ளிக்கிழமை. டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடும். இறங்கினால் ஓய்வுநாள் தொடங்கிவிடும்; அதன்பின் எங்களில் யாரும் மண்வெட்டியைத் தொடமாட்டோம், நாளை மாலைவரை பிணம் காத்துக்கிடக்க வேண்டியதுதான். "என்னைக் காக்க வச்சிடாதீங்கடா" என்று அப்பா கடைசி வாரத்தில் இரண்டு முறை சொல்லியிருந்தார். லிஸ்பனிலிருந்து வரும் அத்திப்பழ மூட்டை அரைநாள் தாமதமானாலே சாப்பாடு இறங்காத மனிதர் அவர்.

ஆம்ஸ்டர்டாமுக்குள் எங்கள் யூத சனத்துக்கு இடுகாடு கிடையாது. ஓவ்டர்கெர்க் வரை ஆற்றோடு போகவேண்டும். படகோட்டி கிளாஸ் சுக்கானைப் பிடித்திருந்தான். கரையில் அவன் மனைவி ஹில்லி, படகை இழுக்கும் குதிரையை நடத்திக்கொண்டு வந்தாள். படகில் பெட்டியைச் சுற்றி நாங்கள் பத்துப் பேர். நகரத்தின் கடைசிப் பாலத்தைத் தாண்டியதும் கரையில் அண்ணன் நிற்பதைப் பார்த்தேன்.

அண்ணன் எலியேசரைச் சபை தள்ளி வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அவன் திருடவில்லை, பொய் சொல்லவில்லை. யோசித்தான், யோசித்ததை எழுதினான். கடவுள் கோபப்படமாட்டார், மனம் மாறமாட்டார். வட்டத்தின் நடுவிலிருந்து விளிம்பு எங்கும் ஒரே தூரத்தில் இருப்பதுபோல உலகத்தில் எல்லாமே வேறு விதமாக இருக்க வழியில்லாமல் இருக்கிறது என்றான். "நம்ம பயத்துக்கு நாமளே ஒரு முகம் வரைஞ்சு மேல மாட்டியிருக்கோம்" என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையிலேயே சொன்னான். சபைப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்து, எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். "தப்புன்னு காட்டுங்க, இப்பவே கிழிச்சுப் போடறேன்" என்றான். யாரும் காட்டவில்லை. அடுத்த வாரமே தொழுகைக்கூடத்தில் அவனைத் தள்ளிவைக்கும் விலக்கு வாசிக்கப்பட்டது. அவனோடு பேசக்கூடாது. ஒரே கூரைக்குக் கீழ் இருக்கக்கூடாது. அவனிருக்கும் இடத்துக்கு நான்கு முழத்துக்குள் போகக்கூடாது. மீறினால் மீறியவனுக்கும் அதே கதி. அப்பா முன்வரிசையில் நின்று கேட்டார், நான் பின்வரிசையில். அவன் டச்சுக்காரர்களுக்கு நிலம் அளந்து கொடுத்துப் பிழைக்கப் போய்விட்டான். எனக்கு அவன்மேல் அடங்காத கோபம். அறிவு அவனுடையது, தலைகுனிவு எங்களுடையது.

இப்போது அவன் குதிரைக்குப் பின்னால், படகுக்கு நேராக நடந்து வந்தான். கறுப்புச் சட்டையின் மார்பில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்திருந்தான். தகப்பனைச் சாகக் கொடுத்த மகன் எங்கள் வழக்கப்படி கிழித்துக்கொள்வது அது. எதையும் நம்பாதவனுக்கு இது எதற்கு என்று நினைத்தேன்.

"வெட்கம் கெட்டவன்" என்றார் ஒபதியா சித்தப்பா. அப்பாவின் தம்பி, விலக்கில் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். "கிளாஸ், படகை அந்தப் பக்கம் ஒதுக்கு. நாலு முழம் இருக்கணும்."

"இப்பவே இருக்கு ஐயா. அந்தப் பக்கம் சேறு."

"சொன்னதைச் செய்."

கிளாஸ் முணுமுணுத்துக்கொண்டே சுக்கானைத் திருப்பினான். கொஞ்ச தூரம் போனோம். அடியில் ஏதோ உரசியது. பெட்டி ஒரு குலுங்கு குலுங்கிற்று. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

துடுப்புக்கழிகளை ஊன்றித் தள்ளினோம். ஒருமணி நேரம் போயிற்று. குதிரை இழுக்க இழுக்கப் படகின் மூக்கு இன்னும் சேற்றுக்குள் போனதே தவிர, படகு அசையவில்லை. "பின்பக்கத்துல இன்னொரு கயித்தைக் கட்டி, கரையிலேர்ந்து ஒரு ஆள் இழுத்தாத்தான் திரும்பும்" என்றான் கிளாஸ். "ஹில்லி குதிரையை விட்டுட்டு வந்தா அது ஓடிரும்."

கரையில் வேறு ஆள் என்றால் ஒருவன்தான். பத்துப் பேரும் அவனைப் பார்க்காதமாதிரி தண்ணீரைப் பார்த்தோம்.

"அவன்கிட்ட உதவி வாங்கக்கூடாது" என்றார் சித்தப்பா.

"அப்ப அப்பாவை நாளைக்கு ராத்திரி வரைக்கும் இந்தச் சேத்துலயே வச்சிருக்கலாமா சித்தப்பா?"

"எனக்கு மட்டும் ஆசையாடா? அவர் என் கூடப்பிறந்தவர்." அவர் குரல் உடைந்தது. "ஆனா யோசியா, நீ பேசினா உன் பேரும் போயிரும். உனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அது எனக்குத் தெரியாதா. விலக்கப்பட்டவனின் பெண்களை யார் கட்டுவார்கள்? எங்கள் அத்திப்பழக் கிடங்கின் வாசலை யார் மிதிப்பார்கள்? நான் பேசவில்லை. கயிற்றைச் சுருட்டி எடுத்து எலியேசரின் காலடியில் வீசினேன்.

அவன் கயிற்றைப் பார்த்தான். பிறகு, யாரையும் பார்க்காமல், காற்றிடம் கேட்பதுபோலக் கேட்டான். "இது எத்தனை முழம்?"

கிளாஸ்தான், "இருபது இருக்கும்" என்றான்.

"அப்ப யாருக்கும் பாவமில்ல" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

படித்த கை, சேற்றில் வழுக்கும் செருப்பு. இரண்டு முறை மண்டியிட்டு விழுந்தான். மூன்றாம் முறை படகு பெருமூச்சு விடுவதுபோலச் சேற்றைவிட்டு விலகியது. கயிறு அவன் உள்ளங்கையை அறுத்திருந்ததைப் படகிலிருந்தே பார்த்தேன்.

மூன்றரைக்கு இடுகாட்டில் இருந்தோம். பெட்டியை இறக்கி அவசர அவசரமாக மண் போட்டோம். பிறகு வழக்கப்படி எல்லோரும் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்றார்கள். துக்கக்காரன் நடுவில் நடந்துபோக வேண்டும். இருபுறமும் ஆறுதல் சொல்வார்கள். நான் நடந்தேன். எல்லோரும் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் காதில் ஏறவில்லை. அப்பாவுக்கு இரண்டு மகன்கள்.

வேலிக்கு வெளியே, குதிரைக்குப் பக்கத்தில் அவன் நின்றிருந்தான். ஹில்லி ஒரு துணியால் அவன் கையைக் கட்டிவிட்டு நகர்ந்தாள். நான் வாசலைத் தாண்டினேன். பின்னால் சித்தப்பா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவைதான் கூப்பிட்டார்.

"அண்ணா" என்றேன். ஆறு வருடம் கழித்து அந்தச் சொல் வாய்க்குள் கரடுமுரடாக இருந்தது. "அப்பா இப்ப எங்க இருக்கார்? உன் கணக்குப்படி சொல்லு."

"இருந்தது எதுவும் இல்லாமப் போகாதுன்னு என்னால நிரூபிக்க முடியும்" என்றான். "ஆனா யோசியா, அவர் மாடிப்படி ஏறி வரும்போது இருமுவாரே. அது எங்க போச்சுன்னு தெரியல. நேத்திலேர்ந்து தேடறேன்."

அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் நகர்ந்து, குதிரைக்கு எதிர்ப்புறமாக, அதற்கு நேராகப் போய் நின்றேன். நடுவில் ஒரு ஆள் நடக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

"வா" என்றேன். "நடந்து வா."

அவனுக்குப் புரிந்தது. தொப்பியைக் கழற்றப்போய், எங்கள் வழக்கம் அதுவல்ல என்று நினைவுவந்து, மறுபடி சரியாக வைத்துக்கொண்டான். ஒருபக்கம் நான், ஒருபக்கம் ஆவி விட்டுக்கொண்டிருந்த அந்த நனைந்த குதிரை. கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, எங்கள் இருவருக்கும் நடுவே அண்ணன் மெதுவாக நடக்கத் தொடங்கினான்.