கார்த்திகை பிறக்காத வீடு

திருநெல்வேலி டவுனில், பாத்திரக்கடையில் வேலை பார்க்கும் நாறும்பூநாதன் வீட்டில் இருபத்தோரு வருஷமாக ஐப்பசி மாதம்தான் நடக்கிறது. தினசரி காலண்டரில் ஐப்பசியின் கடைசித் தாளைக் கிழித்தால், அடியில் மறுபடியும் ஐப்பசி ஒன்று இருக்கும். சித்திரை வெயிலில் தெருத் தார் இளகிக் கிடக்கும்போதும் அந்த ஒரு வீட்டு ஓட்டில் மட்டும் சடசடவென்று மழை அடிக்கும். தெருக்காரர்களுக்கு முதலில் ஆச்சரியம், பிறகு வசதி. குழாயில் தண்ணீர் வராத நாளில் குடங்களைக் கொண்டுவந்து அவர் வீட்டு இறவாரத்தில் வைத்தார்கள். நிறைந்த குடத்தை எடுக்க வந்தவர்களில் ஒருவராவது உள்ளே எட்டி, சாப்பிட்டீரா என்று கேட்டதுண்டா? கிடையாது.

எல்லாம் 2003 தீபாவளி கழிந்து தொடங்கியது. நாறும்பூநாதனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. மனைவி சுகிர்தா, நாலு வயதில் மகள் பிரியதர்ஷினி. கடை முதலாளி சிவசைலம் அண்ணாச்சி அந்த வாரம்தான் ஆற்றில் உல்லாசமாகப் போக ஒரு மோட்டார் படகு வாங்கியிருந்தார். குறுக்குத்துறையில் இறக்கிய அன்றே அது பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கடை ஆட்கள் எல்லோரும் கயிறு கட்டி இழுத்தும் அசையவில்லை. அப்புறம் அதில் ஆடுகள் படுத்தன. உள்ளங்கைத் தோல் உரிந்த சூட்டில் நாறும்பூநாதன் சம்பளம் கூட்டிக் கேட்டார். "அடுத்த மாசம் பாத்துக்கிடுவோம்லே" என்றார் அண்ணாச்சி. சொன்ன வாக்கை மீறாதவர் என்று பெயரெடுத்த மனுஷர். அடுத்த மாசம் வந்தால் பார்த்துத்தானே ஆகவேண்டும்? அதனால் அது வரவில்லை.

துணி காயவில்லை, பிள்ளைக்கு இளைப்பு கண்டது. சுகிர்தா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆழ்வார்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் போனாள். "கார்த்திகை பொறக்கட்டும், மறுநாளே வந்திருதேன்" என்று சொல்லித்தான் பஸ் ஏறினாள். நாறும்பூநாதனும் அங்கேயே போய்விடப் பார்த்தார். ஒரே ஒரு ராத்திரி தங்கினார். விடிவதற்குள் மாமனார் வீட்டுக் கூரையிலும் மழை பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பொழுது சாயுமுன் திரும்பிவிடுவார். வீட்டில் ஒரு தட்டு, ஒரு தம்ளர், சொட்டுச் சொட்டென்று மழை. இந்த உலகத்தில் அவரை நினைக்க ஆளில்லை என்று தோன்றும்போது, மூலையில் கிடக்கும் மகளின் பழைய செருப்பைத் துடைத்து வைப்பார்.

அண்ணாச்சிக்கோ மாதம் தவறாமல் மாதம் பிறந்தது. மாடி இல்லாத வீட்டுக்கு லிஃப்ட் வைத்தார், மொட்டைமாடிக்குப் போய்க் காற்று வாங்க. கலர் விளக்கு போட்ட நீரூற்று மூன்றே நாளில் புகைந்தது. ஒரு வெள்ளைக் குதிரை வந்தது. அதற்குக் கொள்ளு வாங்கி வரும் வேலை நாறும்பூநாதன் தலையில் விழுந்தது. மூட்டையைச் சுமந்து வரும்போது அவருக்கு வயிறு எரியும். "இதுக்கு இருக்கு, நமக்கு இல்லையாம் வே" என்று கடையில் சாமான் கட்டும் மதாரிடம் ஒருநாள் குமுறினார். "ஒரு நேரம் கொள்ளு போடலன்னா குதிர ஒதைக்கும் வே. நீரு ஒதைப்பீரா?" என்று கேட்ட மதார், மறு வருஷம் சவுதியில் தம்மாமுக்கு வேலைக்குப் போய்விட்டார். நாறும்பூநாதன் போகவில்லை. இத்தனை நாள் காத்திருந்தாயிற்று, போன மறுநாள் கார்த்திகை பிறந்துவிட்டால்?

இதற்கிடையில் குதிரை செத்து இரண்டாவது வந்தது, அதுவும் செத்து மூன்றாவது வந்தது. பிரியதர்ஷினி படித்து முடித்தாள். சுகிர்தாவுக்கு முன்தலை நரைத்தது. நாறும்பூநாதனுக்கு வயது முப்பத்தாறிலேயே நின்றது. ஐப்பசியில் படுத்து ஐப்பசியில் எழுகிற ஆளுக்கு எப்படி வயது ஏறும்? "நம்ம கடச் சம்பளம் உடம்புல நல்லா ஒட்டியிருக்குலே" என்று அண்ணாச்சி பெருமைப்பட்டுக்கொண்டார்.

மகளுக்குப் பாபநாசம் கோயிலில் கல்யாணம் குறித்தபோது நாறும்பூநாதன் கடைசியாக ஒருமுறை அண்ணாச்சி முன் போய் நின்றார். தகப்பனாக மணையில் உட்கார வேண்டும், மற்றபடி அவருக்கு ஒரு ஆசையும் மிச்சமில்லை. "அண்ணாச்சி, ரூவா ஒண்ணும் கூட்ட வேண்டாம். 'இந்த மாசம்'னு வாயால ஒரு வார்த்த சொல்லிருங்க, போதும்."

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கூட்டித் தராம எப்பிடிலே சொல்ல? நான் வாக்குத் தவறுத ஆளா? கல்யாணத்துக்குக் குதிரையும் செண்டை மேளமும் நான் அனுப்புதேன். செலவப் பத்திப் பேசப்பிடாது."

அனுப்பினார். பாபநாசமே மிரளும்படி வாணம் வெடித்தது. முந்தின நாள் சுகிர்தா போனில், "காஞ்ச வேட்டியாக் கட்டிட்டு வாங்க" என்று சொல்லியிருந்தாள். அவரும் புதுவேட்டியைப் பிரிக்காமலே கொண்டுவந்து, கோயில் வாசலில் கட்டிக்கொண்டார். மணமேடையில் சுகிர்தா பக்கத்தில் போய் நின்றதும் மாப்பிள்ளையின் அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இது யாரு, தாய்மாமனா?"

சுகிர்தா அவர் முகத்தைப் பார்த்தாள். ஒரு நரைகூட இல்லை. மணையைச் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள்.

"ஆமா மதினி, என் தம்பிதான்" என்றாள்.

சுகிர்தாவின் பெரியப்பா தகப்பன் இடத்தில் உட்கார்ந்தார். நாறும்பூநாதன் தாய்மாமன் மாலையை வாங்கி மகள் கழுத்தில் போட்டார், போட்டோக்காரர் சொன்னபோது சிரிக்கவும் செய்தார். ஆல்பத்தில் அப்படித்தான் இருக்கிறது. கூடப்பிறந்த ஆண்துணை இல்லாத சுகிர்தாவுக்கு இந்த வயதிலாவது ஒரு தம்பி வாய்த்தானே என்று ஆழ்வார்குறிச்சிப் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள்.