ருஸுலுக்கு யாரும் விட்டுக்கொடுக்க வேண்டாம்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஈராக்கின் பஸ்ரா நகரில், ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டரில், கை கழுவும் தொட்டியருகே. என்னோடு வேலை பார்க்கும் நர்ஸ் இப்திஸாம், முழங்கை வரை சோப்பு நுரையோடு, "நேத்துதான் என் மக என்கிட்ட வாயத் திறந்து பேசினா" என்றாள். என்ன கோபம் என்று கேட்டேன்.

"நான் நல்லா கார் ஓட்டிட்டேனாம். அந்தக் கோபம்."

இப்திஸாமுக்குக் கார் ஓட்டத் தெரியாது. அவள் சொன்னது டிவியில் ஓட்டுகிற கார். பொம்மை போன்ற குட்டிப் பந்தய வண்டிகளை வீட்டு சோபாவில் உட்கார்ந்தபடி விரட்டலாம். இணையத்தில் இருப்பவர்களும் சேர்ந்துகொள்ளலாம். எதிராளிமேல் ராக்கெட் விடலாம், எண்ணெய் கொட்டி வழுக்கிவிடலாம். எல்லாம் நியாயமான ஆட்டம்தான்.

இதை எழுத உட்கார்ந்து முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பஸ்ராவின் வெயில் ஷத் அல்-அரப் நதியின்மேல் உருகி வழிந்த ஒரு…' அடித்துவிட்டேன். இந்தக் கதையில் ஒருவரும் நதியைப் பார்ப்பதில்லை. எல்லோரும் டிவியைத்தான் பார்க்கிறார்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'ருஸுல் தோற்றதே இல்லை.' பொய்யான வாக்கியம். ஆனால் ருஸுல் அதை நம்பி வளர்ந்தாள். ஆகவே வைத்துக்கொள்கிறேன்.

2

ருஸுல் தோற்றதே இல்லை. ஒன்பது வயதில் மாடிப்படியில் விழுந்து தொடையெலும்பை முறித்துக்கொண்டு, இடுப்புவரை மாவுக்கட்டோடு கிடந்தபோது டிவியில் மாட்டும் அந்த விளையாட்டுப் பெட்டி வீட்டுக்கு வந்தது. அன்றைக்கே அம்மாவைத் தோற்கடித்தாள். மறுநாளும் தோற்கடித்தாள். கட்டைப் பிரித்து, நடந்து, ஓடி, பொறியியல் கல்லூரியில் சேர்ந்த பிறகும் அம்மாவைத் தோற்கடித்துக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மாவா? பாவம், வளைவுல திருப்பவே தெரியாது" என்று தோழிகளிடம் சொல்வாள். கொஞ்சம் செல்லமாக, நிறையப் பெருமையாக.

(ஒரு குறிப்பு. பஸ்ராவில் பிள்ளைகள் அம்மாவை 'யும்மா' என்பார்கள். அம்மாக்களும் பிள்ளைகளை 'யும்மா' என்றுதான் கொஞ்சுவார்கள். நம்மூரில் மகளை 'வாம்மா' என்கிறோமே, அந்த மாதிரி. கீழே வரும் சண்டையில் யார் பேசுகிறார்கள் என்று குழம்பாமலிருக்க, மகள் வாயில் மட்டும் அந்தச் சொல்லை வைத்திருக்கிறேன்.)

வளைகுடா நாடுகள் எல்லாம் சேர்ந்த இணையப் போட்டி ஒன்று வந்தது. இரண்டிரண்டு பேராக அணி. ருஸுல் தன் சித்தப்பா மகள் தபாரக்கோடு பெயர் கொடுத்தாள். தகுதிச் சுற்றன்று காலையில் தபாரக் கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டாள்.

"யும்மா, நீ சும்மா உக்காரு போதும்" என்றாள் ருஸுல். "கடைசியா வந்தாலும் பரவால்ல. நான் ஜெயிச்சுடறேன்."

3

டிவித் திரை இரண்டாகப் பிரிந்தது. மேல்பாதி மகளுக்கு, கீழ்ப்பாதி அம்மாவுக்கு. ருஸுல் முதலில் போய்க்கொண்டிருந்தாள். பஹ்ரைன்காரன் ஒருவன் விட்ட ராக்கெட் அவளைப் பிடித்தது. வண்டி குட்டிக்கரணம் போட்டுப் பாலத்துக்குக் கீழே விழுந்தது.

போச்சு என்று நினைத்தாள். அப்போதுதான் திரையின் கீழ்ப்பாதி கண்ணில் பட்டது.

அம்மாவின் பச்சை வண்டி ஒவ்வொருவராகத் தாண்டிக்கொண்டிருந்தது. வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கி, சறுக்கல் முடிகிற கணத்தில் பாய்ந்து, நீர்வீழ்ச்சிக்குப் பின்னால் இருந்த குறுக்குவழியில் நுழைந்து வெளியே வந்தது. அப்படி ஒரு வழி இருப்பதே ருஸுலுக்குத் தெரியாது. இப்திஸாம் முதலாவதாக வந்தாள். அணி தகுதி பெற்றது. வேடிக்கை பார்க்க வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள்.

ருஸுல் மட்டும் கன்ட்ரோலரைக் கீழே வைத்தாள்.

"யும்மா, இதெல்லாம் எப்பக் கத்துக்கிட்ட?"

"ஏதோ… நைட் ட்யூட்டி முடிஞ்சு வந்தா தூக்கம் வராது. நீ காலேஜ் போயிருப்ப. அப்ப கொஞ்சம்…"

"அப்ப என்கிட்ட ஏன் தோத்த?"

இப்திஸாம் தேநீர் டம்ளர்களை எடுக்க ஆரம்பித்தாள்.

"டம்ளரை வை. எத்தன வருஷமா விட்டுக்கொடுக்கற?"

"முதல்ல நீ படுத்த படுக்கையா இருந்த. ஜெயிச்சா சிரிப்ப. அந்தச் சிரிப்பு எனக்கு வேணும்."

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்த முடியலடி. நீ கண்டுபிடிக்காம தோக்கறது லேசுன்னு நெனச்சியா? ஜெயிக்கறதவிட அதுக்குத்தான் நல்லா ஓட்டத் தெரியணும்!"

சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் கர்வம் எட்டிப்பார்த்துவிட்டது. அதுதான் வினையாகிப்போனது.

4

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். அன்பினால் செய்த காரியத்துக்காக ஒரு பெண் தன் அம்மாவோடு ஒரு வாரம் பேசாமல் இருப்பாளா? ருஸுலை வீம்புக்காரியாக எழுதிவிட்டேனோ என்று அந்தப் பகுதியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அழுதாள். இன்னொன்றில் மன்னிப்பு… இல்லை, அதைப் படித்தால் எனக்கே கூச்சம்.

கடைசியில் அவளையே கேட்டேன். பேரீச்சம்பழப் பாகும் எள் விழுதும் என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, எனக்குக் கால் உடைஞ்சப்போ எல்லாரும் ஐயோ பாவம்னு பாத்தாங்க. இந்த ஆட்டத்துல மட்டும்தான் நான் பாவம் இல்லன்னு நெனச்சேன். அங்கயும் பாவம்னா எப்படி?"

பிறகு நான் கதையில் அவளைத் திருத்தவில்லை. பேசாமல் இருந்த அந்த வாரத்தின் கடைசியில் அவளே போய் அம்மா முன் நின்றிருக்கிறாள்.

"இறுதிப் போட்டியில நீதான் என்கூட ஓட்டற. ஆனா எனக்கு எதிரா ஓட்டு. எனக்காக ஒரு தடவ வேகத்தக் குறைச்சாலும் கன்ட்ரோலரை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்."

"சரி, குறைக்க மாட்டேன். ஆனா தோத்தா மூஞ்சியத் தூக்கிட்டு இருக்கக் கூடாது."

"யாரு தோக்கறா? ரொம்பத்தான் நெனப்பு உனக்கு!"

5

இறுதிப் போட்டி வெள்ளிக்கிழமை மத்தியானம். தெருவுக்கெல்லாம் மின்சாரம் தரும் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது; அரசு மின்சாரம் திரும்பி வந்து அதை நிறுத்தும்போது விளையாட்டுப் பெட்டி அணைந்துவிடும். அதனால் இப்திஸாமின் கணவர் ஜப்பார் தானே போய் ஜெனரேட்டர்காரர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "என் பொண்டாட்டியும் பொண்ணும் ஓட்டறாங்க. முடியற வரைக்கும் அந்தச் சுவிட்ச்சத் தொட்ட, பாத்துக்கோ!" துறைமுகத்தில் கிரேன் இயக்குகிறவர் அவர். அந்தக் குரலுக்கு ஜெனரேட்டர்காரர் அடங்கிப்போனார்.

(மின்சாரம் போய்விட்டது என்று ஒரு முடிவு எழுதி வைத்திருந்தேன். வெயிலில் காவல் இருந்த ஜப்பாரின் முகத்தை நினைத்துக் கிழித்துப் போட்டேன்.)

கடைசிச் சுற்றில் மஸ்கட் அணியின் வண்டி, ருஸுல் கொட்டிய எண்ணெயில் வழுக்கிச் சுவரில் மோதியது. முன்னால் இரண்டே வண்டிகள். சிவப்பு மகளுடையது, பச்சை அம்மாவுடையது. அணிக் கோப்பை இந்த வீட்டுக்குத்தான். ஆனால் 'போட்டியின் சிறந்த ஓட்டுநர்' பட்டம் முதலில் கோட்டைத் தொடும் ஒருத்திக்கு மட்டும்.

(இப்திஸாம் விட்டுக்கொடுத்தாள் என்று இன்னொரு முடிவும் எழுதினேன். வாசிக்கச் சொல்லிக் கேட்டவள் என் தோளில் ஓர் அடி வைத்தாள். "என்ன எழுதினாலும் எழுது, அத மட்டும் எழுதாத. வாக்குக் கொடுத்தேன்ல?")

கடைசி வளைவில் பச்சை ஒரு மூக்கு முன்னால் இருந்தது. அப்போது ருஸுல் எந்த ஓட்டுநரும் செய்யக் கூடாத காரியத்தைச் செய்தாள். திரையிலிருந்து கண்ணை எடுத்து அம்மாவின் கையைப் பார்த்தாள்.

கட்டைவிரல் பொத்தானில் அழுந்தி நகம் வெளுத்திருந்தது.

"என் கையில என்ன இருக்கு? ரோட்டப் பாருடி!" என்று கத்தினாள் இப்திஸாம்.

பார்த்தாள். தன்னிடம் மிச்சமிருந்த பாய்ச்சலை எல்லாம் போட்டு அழுத்தினாள்.

6

குலவைச் சத்தம் தெருமுனை வரை கேட்டு ஜப்பார் ஓடிவந்தார். ஜெனரேட்டர் இரைச்சலில் காது அடைத்திருந்ததால் கத்தித்தான் பேசினார். "யாரு ஜெயிச்சது?"

ருஸுல் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். "யும்மா எனக்கு விட்டுக்கொடுக்கல பாபா! கொஞ்சம்கூட விட்டுக்கொடுக்கல!"

"அது சரி. யாரு முதல்ல வந்தது?"

நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். எனக்கு விடை தெரியாது. போட்டி நடத்தியவர்களின் முடிவுப் பட்டியலைத் தேடிப் பார்க்கவும் மனமில்லை. அந்த வீட்டில் கேட்டுப் பார்த்தேன். இப்திஸாம், "என் மகதான், வேற யாரு?" என்று மார்தட்டினாள். ருஸுல், "எங்கம்மாதான் அக்கா! அவள அடிச்சுக்க இந்த வளைகுடாவுலயே ஆள் கிடையாது" என்றாள்.

இரண்டு பேரும் என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்கள். ஆக, அவர்களில் ஒருத்தி இன்னும் விட்டுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். எந்த ஒருத்தி என்பதை நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.