செபப் புத்தகத்துக்குள் ஒரு மீன்

என் மனைவி ஐறீன் டெங்குவில் செத்து ஒரு மாதம். கொட்டாஞ்சேனைக் கோயிலில் பூசை. கத்தோலிக்க வேதக்காரர் அன்றைக்கு நினைவு அட்டை கொடுப்பார்கள். முன்னால் மாதா படம், பின்னால் செத்தவர் பெயர். வாங்குகிறவர்கள் அதைச் செபப் புத்தகத்துக்குள் வைப்பார்கள். புத்தகத்தைத் திறக்கும்போதெல்லாம் செத்தவருக்கு ஒரு செபம் விழும்.

மாமி மெற்றில்டாவுக்கு அட்டை கட்டாயம். மகள் சைவக்காரனான என்னைப் பதிவுத் திருமணம் செய்தவள்.

"அவளுக்கு ஆர் தம்பி செபிக்கிறது? நீங்கள் செபிப்பீங்களோ?"

"இல்லை மாமி."

"பாத்தீங்களே."

அட்டை அடிக்க ஒப்புக்கொண்ட ஹெக்டரைப் பூசைக்கு இரண்டு நாளுக்கு முந்திப் பொலிஸ் விசாரிக்கக் கொண்டுபோய்விட்டது. அச்சகம் பூட்டு. "அந்த மனுசன் அடிச்சுப்போட்டுப் போயிருக்கலாம்," என்றார் மாமி.

எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் ஒரு கட்டுப் போஸ்ட்காட் கிடந்தது. ஏதோ கண்காட்சியில் ஐறீன் மலிவாக வாங்கியது. எல்லாம் ஒரே படம். யாரோ ஜெர்மன்காரன் வரைந்த ஓவியத்தின் பிரதி. சரிந்த மேசை, சிவப்பு மீன், கோணல் போத்தல், ஒரு தேசிக்காய், அதாவது எலுமிச்சை.

"பொருளை இல்லை, உணர்ச்சியைக் கீறியிருக்கிறான்," என்பாள்.

"என்ன உணர்ச்சி?"

"மேசை விழப்போகுது எண்ட உணர்ச்சி."

மறுநாள் கட்டை நான் வேலைசெய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய், ஒவ்வொன்றின் பின்னாலும் அவள் பெயரை ஆங்கிலத்தில் தட்டச்சில் அடித்தேன். பூசை முடிய, வாசலில் நின்று கொடுத்தேன். மாமி ஒன்றைப் பார்த்து நெற்றியைப் பிடித்தார்.

"தம்பி, இது கறி மீனெல்லே!"

அவருடைய தமையன் பீற்றர், துறைமுகத்தில் கிளாக், கண்ணாடியை ஏற்றினார். "மெற்றில்டா, மீன் ஆண்டவருடைய அடையாளம். போத்தலுக்குள்ள திராட்சை ரசம். நல்ல படம்."

"அப்ப தேசிக்காய்?" என்றார் அவர் மனைவி றஞ்சிதம்.

பீற்றர் என்னைப் பார்த்தார். "அது மாப்பிள்ளை பகுதி. சைவக்காரர் தேசிக்காய் இல்லாமல் ஒண்டும் செய்யமாட்டினம்."

மாமி சிரித்துவிட்டார். கோயில் வாசலில், கறுப்புச் சீலையோடு. பிறகு அழுதார்.

போஸ்ட்காட் செபப் புத்தகத்தைவிடப் பெரிது. எல்லாருடைய புத்தகத்திலும் மீன் வால் வெளியே நீட்டிக்கொண்டு போனது.

ஒன்று மிஞ்சியது. என்னிடம் செபப் புத்தகம் இல்லை. சட்டைப் பைக்குள் செருகினேன். அங்கேயும் வால் வெளியே.

வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது காலி வீதியில் சோதனைக்காக இராணுவம் பஸ்ஸை மறித்து எங்களை இறக்கியது. ஆமிக்காரன் அடையாள அட்டையைப் பார்த்தான். பிறகு என் சட்டைப் பையை.

"மே மொக்கத்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான்.

"மாளு," என்றேன். மீன்தானே.

எடுத்துத் திருப்பினான். எழுத்துக்கூட்டி வாசித்தான். "ஐ... றீன்." யார் என்று கேட்டான்.

என் மனைவி, செத்துவிட்டாள் என்று சிங்களத்தில் சொன்னேன்.

"அனே," என்றான், ஐயோ பாவம் என்பதுபோல. மீனைப் பார்த்தபடிதான் சொன்னான். அட்டையைத் தானே என் பைக்குள் திரும்பச் செருகினான்.

அடுத்தநாள் அந்த 'அனே'யை மாமியிடம் சொன்னேன்.

"ஆள் வேதக்காரனோ?"

"ஆமி, மாமி."



"பரவாயில்லை. செபம் விழுந்தது விழுந்ததுதான்."