கிரிம்மலும் சேர்ந்தே வரட்டும்

எங்கள் கல்யாணம் ஒரு பொய்யில் ஆரம்பித்தது. பெரிய பொய்யெல்லாம் இல்லை. "ரொம்பப் பிடிக்கும்" என்று இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தைக்காக ஏழு வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்தேன் என்றால் எனக்கு எவ்வளவு எரிச்சல் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1968-ல் நாசரேத்தில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார் அருமைநாயகம். தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை. வரன் கொண்டு வந்தவர் எங்கள் சபை உபதேசியார் தேவபிரசாதம். வீடு வீடாக ஜெபம் பண்ணப் போகிறவர் என்பதால் எந்த வீட்டில் பெண் இருக்கிறாள், எந்த வீட்டில் பையன் இருக்கிறான் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முந்தின நாளே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏளா இன்பமணி, மாப்பிள்ளைக்கு பியானோன்னா உசுரு. அதுலயும் கிரிம்மல்னு ஒரு ஜெர்மன்காரன் இருக்காம்லா, அவன் வாசிச்சா போதும், சோறு தண்ணி வேண்டாம். நாளைக்கு அதப் பத்திக் கேட்டாலும் கேப்பாரு. பிடிக்கும்னு சொல்லிரு, என்னா?"

எனக்குக் கிரிம்மலைத் தெரியும். அதுதான் கொடுமை. போர்டிங் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா பங்களாவில்தான் பியானோ கற்றுக்கொண்டேன். அந்த அம்மாளிடம் இரண்டு இசைத்தட்டுகள் இருந்தன. இரண்டிலும் ஒரே இசை, மூன்றரை நிமிஷம் ஓடும். ஒன்றில் கிரிம்மல் வாசித்திருந்தார், இன்னொன்றில் இலோனா என்ற ஒரு பெண். கிரிம்மல் கட்டைகளை அடிக்கிற அடியில் அலமாரிக் கண்ணாடி அதிரும். பியானோவுக்கும் அவருக்கும் ஏதோ பழைய பகை என்று நினைத்துக்கொள்வேன். இலோனா அப்படியில்லை. ஒரு சுரத்தை எடுத்து வைத்துவிட்டு, அது அடங்குகிறவரை காத்திருப்பாள். அடுத்தது வருமா வராதா என்று எனக்கு மூச்சு நின்றுபோகும். முதல் முறை அதைக் கேட்ட அன்று விடுதிக்குப் போய் யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டேன். படிப்பு முடிந்து கிளம்பும்போது மிஸ்ஸியம்மா அந்தத் தட்டை எனக்கே கொடுத்துவிட்டார்கள்.

பெண் பார்க்க வந்தவர் காபி குடித்து முடித்தார். டம்ளரைக் கீழே வைக்காமல், தானே எடுத்துக்கொண்டுபோய் அடுக்களையில் வைக்க எழுந்துவிட்டார். எங்கள் வீட்டு ஆண்கள் யாரும் அப்படி எழுந்து நான் பார்த்ததில்லை. ஓடிப்போய் அவர் கையிலிருந்து வாங்கினேன். அந்த ஒரு காரியத்திலேயே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிறகுதான் அவர் கேட்டார்.

"உங்களுக்குக் கிரிம்மல் வாசிக்கிறது ரொம்பப் பிடிக்குமாமே?"

உபதேசியார் எனக்கு நேரே உட்கார்ந்து கண்ணைக் காட்டினார். இல்லையென்று சொன்னால் இந்த மனிதர் எழுந்து போய்விடுவாரே என்ற பயத்தில், "ரொம்பப் பிடிக்கும்" என்றேன். அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்த முதல் வாரமே கப்பல் அதிகாரி ஒருவர் மூலமாக கிரிம்மல் தட்டு வீட்டுக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் கோயில், ஆட்டுக்கறி, கிரிம்மல். சாப்பிட்டுக் கை கழுவியதும் ரேடியோகிராமில் தட்டை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் கண்ணை மூடிக்கொண்டு ரசிப்பேன். கண்ணை மூடிக்கொண்டால் வேறு எதையாவது நினைக்கலாம். நான் திருத்த வேண்டிய பள்ளிக்கூடத்துப் பரீட்சைப் பேப்பர், ஊறப்போட வேண்டிய உளுந்து, எதுவாவது.

எங்கள் மகள் ஜீவமணிக்கு ஐந்து வயதானதும் ஒரு ஞாயிறு காதைப் பொத்திக்கொண்டு, "இந்த மாமா ஏன் அடிக்காரு?" என்று கேட்டாள். பெற்ற பிள்ளை உண்மையைச் சொல்லுகிறது, நான் அதட்டினேன். அவரும், "சும்மா இரு, அம்மா கேக்காள்லா" என்றார். என்ன அன்பு பாருங்கள் என்று எனக்கு இன்னும் குற்றவுணர்ச்சி கூடியது.

இலோனா என் டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்குக் கீழே இருந்தாள். பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்ட நாட்களில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்பேன். தெருவில் சைக்கிள் மணி கேட்டாலே திருடியைப் போல எடுத்து ஒளிப்பேன். தட்டு அவர் கண்ணில் பட்டால்கூடப் பரவாயில்லை. "அப்போ அன்னைக்கு நீ சொன்னது பொய்யா? வேற எதெல்லாம் பொய்?" என்று அவர் கேட்டுவிட்டால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

எழுபத்தைந்து கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. கடல் ஈரம் வேறு. வீட்டில் எல்லாவற்றிலும் பூஞ்சணம் பிடித்தது. ஒரு சனிக்கிழமை நல்ல வெயில் அடிக்கவே, கிரிம்மல் தட்டைத் துடைத்து, மொட்டைமாடியில் வடகம் காய்ந்த பாயில் ஒரு ஓரமாக வைத்தேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் நினைத்தேன். கீழே பக்கத்து வீட்டுச் சீனித்தாய் பிடித்துக்கொண்டாள். அவள் நாத்தனார் கதை ஐந்து நிமிஷத்தில் முடிகிற கதையா? திரும்பிப் போய்ப் பார்த்தால் தட்டு பொரித்த அப்பளம் போல நெளிந்து கிடக்கிறது. வெயிலில் வைத்தால் தட்டு வளையும் என்று எனக்குத் தெரியாதா என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்காமல்தான் படியிறங்கி வந்தேன்.

மறுநாள் சாப்பாடு முடிந்து அவர் கை கழுவி வரும்வரை எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. உறையிலிருந்து தட்டை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூஞ்சணம் போகட்டும்னு வெயில்ல வச்சேன் அத்தான். மறந்துட்டேன்."

திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். மேசைக்குப் போனார், காகிதத்தை எடுத்தார், பேனா மூடியைக் கழற்றினார்.

"வருத்தப்படாத இன்பம். அடுத்த வாரம் துறைமுகத்துக்கு லண்டன் கப்பல் ஒண்ணு வருது. அதுல ரேடியோ ஆபீசர் நம்மாளுதான். எழுதிப் போட்டா, உனக்கு வேற கிரிம்மல் வரவழச்சிக் குடுத்துருவான்."

"எனக்கா?"

"பின்ன யாருக்கு? ஏழு வருஷமா உசுரா கேட்ட தட்டுல்லா. நீ சாப்பிடாம இருக்கதப் பாத்தாலே தெரியுதே."

உனக்கு என்கிறார். அப்படியானால் அவருக்கு? வாயை மூடிக்கொண்டிருந்தால் புதுக் கிரிம்மல் கப்பலேறி வந்துவிடுவார், இன்னொரு ஏழு வருஷம், அதற்கப்புறம் இன்னொரு ஏழு. வாயைத் திறந்தால் என் பொய் வெளியே வரும். அவர் பேனா காகிதத்தில் ஓட ஆரம்பித்ததும் என்னையறியாமல் கத்திவிட்டேன்.

"எழுதாதீங்க! எனக்கு அவரப் பிடிக்காது. எப்பவுமே பிடிக்காது. அன்னைக்குப் பொய்தான் சொன்னேன். உங்களுக்குப் பிடிக்கும்னு உபதேசியார் சொன்னாரு, அதான்!"

பேனா நின்றது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை.

"எனக்குப் பிடிக்கும்னு உபதேசியார் சொன்னாரா?"

"ஆமா."

"ஏளா, என்ட்ட வந்து 'பொண்ணுக்குக் கிரிம்மல்னா உசுரு'ன்னுல்லா சொன்னாரு!"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். மேசையில் தலையை வைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கும் அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. உபதேசியார் மேல் என்ன தப்பு? மிஸ்ஸியம்மா பங்களாவில் தட்டின் உறையைப் பார்த்திருப்பார். அவருக்குத் தெரிந்த பியானோக்காரர் உலகத்திலேயே கிரிம்மல் ஒருவர்தான். அவரை வைத்து இரண்டு பக்கமும் வரனை முடித்துவிட்டார்.

ஏழு வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கியதில் எனக்குப் பசி வந்தது. கறியோடு இரண்டாவது முறை சோறு போட்டுச் சாப்பிட்டேன். அப்புறம் டிரங்கைத் திறந்து இலோனாவை எடுத்துவந்து வைத்தேன். அவரும் நானும் மனசொத்து ஒரே இசையில் கரையப்போகிறோம் என்றுதான் எதிர்பார்த்தேன். பாதியிலேயே அவர் நெளிந்தார்.

"இந்தம்மா அடுத்த கட்டய அமுக்குததுக்குள்ள கப்பல் கொழும்புக்கே போய்ச் சேந்துருமே."

"உங்களுக்கு வேற யாரு வேணுமாம்?"

அலமாரிக்குப் பின்னாலிருந்து, பழைய காலண்டரில் சுற்றிய ஒரு தட்டு வெளியே வந்தது. ஆக, ஒளித்து வைத்தவள் நான் மட்டும் இல்லை! ரென்சோ கால்வி என்று ஒரு இத்தாலிக்காரர். அதே இசையைத்தான் வாசித்தார். சுத்தம், கணக்கு, வேகம். ஒரு விரல் பிசகவில்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை.

"டைப்படிக்கிற மாதிரி இருக்கு" என்றேன்.

"டைப்பா! ஒவ்வொரு சத்தமும் எவ்வளவு தெளிவா விழுது, காது இருக்கா இல்லையா ஒனக்கு?"

"தெளிவு இருக்கு, மூச்சு இல்ல."

"மூச்சு விட்டுட்டே இருந்தா எப்ப வாசிக்க?"

அது எங்கள் முதல் சண்டை. ஏழு வருஷத்தில் இப்படி வாய்க்கு வாய் நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை. சீனித்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "என்ன டீச்சர், ஏதும் பிரச்சினையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஜீவமணி இரண்டு தட்டையும் கேட்டுவிட்டு, தனக்கு ரேடியோவில் போடுகிற சினிமாப் பாட்டுதான் வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவளை யாரும் அதட்டவில்லை.

சண்டை ஓய்ந்த பிறகு, இரண்டு பேருக்கும் காபி போட்டு வந்து, மனதில் மிச்சமிருந்த ஒன்றையும் கேட்டேன்.

"அன்னைக்கு நான் பிடிக்காதுன்னு சொல்லிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

அவர் நெளிந்த கிரிம்மலைக் கையில் எடுத்தார்.

"உபதேசியார் சொன்னதும் அவன் தட்ட ஒரு எடத்துல தேடிப் போய்க் கேட்டேன். தலவலிதான் வந்துச்சு. காலம் பூரா இதக் கேக்க முடியாது, பாத்துட்டு வந்து வேண்டாம்னு சொல்லிருவோம்னுதான் நாசரேத்துக்கு வந்தேன். நீ ஓடி வந்து என் கையிலேர்ந்து டம்ளர வாங்குன பாரு. அதுக்கப்புறம்தான், ஒருவேள உபதேசியார் தப்பாச் சொல்லிருப்பாரோன்னு ஒன்ட்டக் கேட்டேன். நீ ரொம்பப் பிடிக்கும்னுட்ட. சரி, கிரிம்மலும் சேர்ந்தே வரட்டும்னு விட்டுட்டேன்."

எழுந்துபோய்க் கால்வியை மறுபடி வைத்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் கண்ணை மூடவில்லை. மூன்றரை நிமிஷமும் பல்லைக் கடித்துக்கொண்டு முழுசாகக் கேட்டேன்.

"பிடிக்கல" என்றேன்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, அவர் என் காபி டம்ளரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனார்.