கூரை கடைசியில்

கணினியில் வீடு கட்டும் விளையாட்டென்றால் எனக்குப் பைத்தியம். மருத்துவமனையில் நர்ஸ் வேலை முடிந்து எந்நேரம் வந்தாலும் ஒரு சுவராவது எழுப்பாமல் தூக்கம் வராது. "பொம்மை வீடு கட்டுற வயசா இது?" என்று கணவரின் அண்ணன், வீட்டுக்கு மூத்தவர், கிண்டலடிப்பார். அதே மனிதர்தான், நாங்கள் சேர்ந்து கட்டவிருக்கும் மாடிவீட்டின் வரைபடத்தைக் கொடுத்து, "இதைக் கட்டிக் காட்டும்மா, பாக்கலாம்" என்றார். கீழே அவர் குடும்பம், மேலே நாங்கள்.

அவசரத்தில் கீழ்த்தளத்துக்கே கூரை போட்டுவிட்டேன். மேல்தளம் எழுப்பினால் அவர்கள் கூரை என் படுக்கையறைத் தரையைப் பொத்துக்கொண்டு நிற்கிறது! சிரித்தபடியே இடித்துத் திரும்பக் கட்டினேன். படி வைக்கும்போது சிரிப்பு போய்விட்டது. மாடிப்படி அவர்கள் கூடத்துக்குள்ளிருந்து ஏறியது. எனக்கென்று வாசலே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் திரைமுன் உட்கார்ந்தார்கள். சிவப்பு ஓட்டுக் கூரையைப் பார்த்து மூத்தவர் பூரித்துப்போனார். உள்ளே தெரியும்படி நான் அதைக் கழற்றினேன். அவர் குடும்பம் கோழி அடைவதுபோல் சீக்கிரம் படுத்துவிடும். கீழ்வீட்டுப் பொம்மைகளைத் தூங்கவைத்து வாசலைப் பூட்டினேன். பிறகு நர்ஸ் பொம்மையை வேலையிலிருந்து வரவழைத்தேன். அது கதவுமுன் நின்று இரண்டு கையையும் ஆட்டியது.

"ஐயோ பாவம், அதை உள்ள விடும்மா," என்றார் மூத்தவர்.

"பொம்மைக்குப் பாவம் பாக்குறீங்களே மாமா, அது நான்தான்."

"ஒரு போன் பண்ணினா தெறக்கப் போறோம்."

"என் வீட்டுக்குப் போக உங்களை எதுக்கு எழுப்பணும்? படி வெளிய வரணும். இல்லன்னா இந்த வாடகை வீடே போதும்."

கணவர், "அண்ணன் சொல்றதையும் கொஞ்சம்..." என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார். எனக்குச் சாதாரணமாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும்.

"சரி, முதல்ல கூரையை வை. மொட்டையா நிக்குது," என்றார் மூத்தவர்.

"படியை மாத்துங்க, வைக்கிறேன்."

மவுஸை அவர் பக்கம் தள்ளினேன். திரையில் மழை பிடித்துக்கொண்டது.

"உன் கட்டில்தான் நனையுது," என்றார்.

"நனையட்டும்."

என் மெத்தைமேல் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்சநேரம் பார்த்துவிட்டு அவர் மவுஸை எடுத்தார். பிடிக்கக்கூடத் தெரியவில்லை.

"இதுல படி எங்கம்மா இருக்கு?" என்றார்.